பூ இருக்கு... வர்றதுக்கு ஆள் இல்லை!

‘வீட்டு முற்றத்தில் பூசணிக் கொடி போட்டிருக்கிறோம். கொடி நன்றாக ஓடுகிறது, பூவும் நிறைய வருகிறது. ஆனால், பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?’

ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகி இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிய கேள்வி இது. நாலு வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால், 30 வருடப் பணியில் இதே கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பல முறை செடியைப் பார்க்காமலே மருந்துச் சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். “காலையில 6 மணிக்கு வரலாமாம்மா?” என்று போனில் கேட்டேன். “அம்புட்டு வெள்ளனவா சார்? சரி, வாங்க. காபி போட்டு வைக்கேன்” என்றார்.

நான் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர்தான். மார்கழி மாதம். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை பனியில் பாதி மறைந்திருந்தது. தென்னந்தோப்புகளையும் நூற்பாலைகளையும் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது, தெருவெல்லாம் கோலம்.

கோலத்தில் இருந்தது ஆண்பூ!

அந்த அம்மா வீட்டு வாசலிலும் பெரிய கோலம். நடுவில் சாணி உருண்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூசணிப்பூ. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. குனிந்து ஒவ்வொரு பூவின் காம்பையும் பார்த்தேன். எல்லாமே ஆண்பூ.

பூசணியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. பெண்பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு குட்டிக் காய் இருக்கும். ஆண்பூவுக்கு வெறும் நீளக் காம்புதான். பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவின் சூல்முடிக்குப் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் குட்டிக் காய் கொஞ்ச நாள் நின்றுவிட்டு வெம்பிவிடும்.

“காயி பிடிக்காத பூவத்தான சார் பறிக்கேன்” என்றார் அந்த அம்மா. நியாயமான பேச்சுதான். அம்மாவும் பாட்டியும் சொல்லிக் கொடுத்த பழக்கம். “பறிங்கம்மா, தப்பில்ல. தினமும் நாலு ஆண்பூவை மட்டும் கொடியிலேயே விட்டுவைங்க” என்றேன்.

விழுந்து கிடந்த பிஞ்சுகள் சிலவற்றை அரிந்து பார்த்தோம். உள்ளே புழு இல்லை, தோலில் குத்திய வடுவும் இல்லை. புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. சுத்தமாக இருந்து, நுனியிலிருந்து மஞ்சளாகி வந்தால், மகரந்தம் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மருந்து அடிப்பதற்கு முன்னால், எல்லாரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது.

கொடியின் ஒரு கிளை சுற்றுச்சுவர்மீது ஏறியிருந்தது. அங்கே கை எட்டாததால் தப்பித்த மூன்று ஆண்பூவும் ஒரு பெண்பூவும் இருந்தன. இரண்டு நாற்காலியைப் போட்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு காவல் இருந்தோம். ஒரு மணி நேரம். வந்தது ரெண்டு எறும்பு. ஒரு தேனீகூட இல்லை.

“பூ இருக்கு சார். வர்றதுக்குத்தான் ஆள் இல்ல” என்றார் அந்த அம்மா. நான் எழுத நினைத்த பதில் அதுதான்.

சுற்றிப் பார்த்தேன். முற்றத்தில் பாதிக்கு சிமென்ட் தளம். ஓரத்தில் தொட்டிகளில் குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி. துளசி மாடத்தில் துளசி இருந்தது, ஆனால் கதிர் வரவர கிள்ளி எடுக்கிறார்கள். பக்கத்து மனையில் முளைத்திருந்த தும்பையும் களையும் களைக்கொல்லியில் கருகிக் கிடந்தன. பார்க்க சுத்தமான வீடு, சுத்தமான தெரு. ஆனால், தேனீயின் பார்வையில் அது ஒரு பொட்டல்.

மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவ வேண்டும். காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு பூசணிக் கொடிக்கு இது போதும். ஒரு தோப்புக்கு முடியுமா? சீனாவில் சிச்சுவான் மாகாணத்தின் ஹன்யுவான் பகுதியில் பேரிக்காய் விவசாயிகள் மரத்தில் ஏறி, குச்சியில் இறகைக் கட்டிப் பூப்பூவாகத் தொட்டு வைக்கிறார்கள். தேனீ இலவசமாகச் செய்த வேலைக்கு அங்கே கூலி ஆள்!

மாந்தோப்பில் ஒரு பழைய கணக்கு

அங்கிருந்து அய்யனார் கோயில் சாலைக்குப் போனேன். ராஜபாளையம் என்றால் நாய்க்கு அடுத்து மாம்பழம்தானே! மலையடிவாரம் வரை மாந்தோப்புகள். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று பெயர் சொல்லி வாங்கும் ரகங்கள் இங்கே உண்டு. பூங்கொத்துகள் அப்போதுதான் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தன.

ஒரு தோப்பில் தெரிந்த பெரியவர் நின்றிருந்தார். பூச்சி வருகிறதா என்று கேட்டேன். சிரித்தார். “ஈ மொய்ச்சாத்தான் மாங்கா காய்க்கும்னு எங்கப்பா சொல்வாரு. மருந்த அடிச்சு ஈய வெரட்டச் சொன்னது நீங்கதான் சார்!”

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. காரணம், அவர் சொன்னது உண்மை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தத்துப்பூச்சி தெரிகிறது என்று ஒரு விவசாயி ஓடிவந்தார். பூ முழுவதும் விரிந்திருந்த நேரம். காலை வேளையிலேயே அடிக்கச் சொன்னேன். தத்துப்பூச்சி போனது. ஆனால், அந்த வருடம் பூ கொள்ளையாக இருந்தும் காய் சொற்பம்தான் நின்றது. நான் பனிமீது பழியைப் போட்டேன். எல்லாம் மருந்தால்தான் வந்தது என்று இன்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். பனியும் சாம்பல் நோயும் காயைக் குறைக்கும். ஆனால், அன்றைக்கு அந்தப் பூவைத் தேடி வந்த ஈக்களைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. மதுரை வேளாண் கல்லூரியில் படித்த பாடம்தான், மனதில் தங்கவில்லை.

மாம்பூவில் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீயைவிட ஈக்கள்தான் அதிகம் உதவுகின்றன. ஒரு கொத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான பூக்களில் பெரும்பகுதி ஆண்பூ. காய் பிடிக்கக்கூடிய இருபால் பூக்கள் குறைவு. அவற்றைத் தேடிப்பிடித்துத் தொட்டு வைப்பது பச்சை ஈ, பூ ஈ, சிறு தேனீ, எறும்பு எல்லாம் சேர்ந்துதான். ஆஸ்திரேலியாவில் பூக்கும் காலத்தில் தோப்புக்குள் மீன் கழிவைத் தொங்கவிட்டு ஈயை வரவழைக்கிற விவசாயிகள் இருக்கிறார்கள்.

பூ ஈயின் புழுக்கள் அசுவினியைத் தின்னும். அதாவது, தாய் மகரந்தம் சேர்க்கும், பிள்ளை பூச்சி பிடிக்கும். இப்படி ஒரு குடும்பத்தை மருந்து அடித்து விரட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டத்துக்கான என் யோசனை இதுதான். தத்துப்பூச்சிக்கு மருந்து தேவைப்பட்டால், பூங்கொத்து வெளிவரும் தருணத்திலேயே, பூ விரியும் முன் அடித்துவிடுங்கள். பூ விரிந்தபின் அடிக்காதீர்கள். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் தேனீக்குக் கடும் நஞ்சு. தோப்பின் ஓரத்தில் ரெண்டு வரிசை கொத்தமல்லி விதைத்துப் பூக்க விடுங்கள். பூ ஈ அங்கே குடியிருந்துகொண்டு உங்கள் மாம்பூவுக்கு வரும்.

நந்தவனம் சொல்லும் பாடம்

நடை சாத்துவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பிவிட்டேன். ஆண்டாள் கோயில் நந்தவனத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பெரியாழ்வார் துளசியும் பூவும் வளர்த்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டியதாகவும், துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகவும் சொல்லும் இடம் இது. இந்த ஊரிலிருந்து இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக்கு அழகருக்கும் மாலை போகிறது. ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாக இலையும் பூவும் கொண்டு செய்கிறார்கள். அதன் மூக்கு மாதுளம்பூ. வீட்டைச் சுற்றிப் பூச்செடி வளர்ப்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசலில் பூக்கட்டும் பெண்ணிடம், “தேனீ உட்கார்ந்த பூவை சாமிக்குக் கட்டலாமா?” என்று கேட்டேன். “தேனீ மோந்தா எச்சில் இல்ல சார். பெரியவுக சொல்லிருக்காக” என்றார். சூடிக் கொடுத்தவளின் ஊரில் இதைவிடப் பொருத்தமான பதில் கிடைக்காது!

ஆனால், மல்லிகை போன்ற பூக்களை மொட்டாகவே பறித்துவிடுகிறோம். துளசியை இலைக்காகக் கதிர் கிள்ளுகிறோம். சாமிக்கும் தலைக்கும் போக, பூச்சிக்கு என்று எதுவும் மிச்சமில்லை. அதனால், நாலு துளசி இருந்தால் ஒன்றைக் கிள்ளாமல் கதிர் விடுங்கள். அந்த ஒரு செடியில் காலையில் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் மொய்ப்பதை நீங்களே பார்க்கலாம்.

மலை பக்கத்தில்தான், ஆனால் தூரம்!

‘நமக்குத்தான் பக்கத்திலேயே மலை இருக்கிறதே, தேனீக்கு என்ன பஞ்சம்?’ என்று கேட்கலாம். மதியத்துக்குமேல் செண்பகத்தோப்பு சாலையில் போனபோது எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக ஆனது. 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அரசு அறிவித்த தமிழ் மறவனும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது.

ஆனால், இந்தியத் தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் இரை தேடும். கொசுத்தேனீக்குச் சில நூறு மீட்டர்தான் எல்லை. மலையிலிருந்து ராஜபாளையம் தெருவுக்கு அது ஒரே தாவில் வராது. இடையில் தோப்பு, வரப்பு, வேலி, வீட்டு முற்றம் என்று படிப்படியாகப் பூ இருந்தால்தான் இறங்கி வரும். நாம் அந்தப் படிகளைத்தான் ஒவ்வொன்றாக இடித்துவிட்டோம். களை இல்லாத வரப்பைக் காட்டி, ‘இவர்தான் முன்மாதிரி விவசாயி’ என்று கூட்டத்தில் கைதட்டச் சொன்னவன் நான்தான்.

சாலையோரம் ஒரு சின்ன வீடு. வேலியில் நொச்சியும் ஆடாதோடையும். மண்சுவரில் பென்சில் முனை போகும் அளவுக்குத் துளைகள். ஒரு துளையிலிருந்து நீலக்கோடு போட்ட தேனீ ஒன்று விர்ரென்று கிளம்பி, ஓரமாக நின்ற கத்தரிச் செடிக்குப் போனது. நமக்குத் தேனீ என்றால் கூடு கட்டித் தேன் சேர்ப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால், இந்தியாவில் இருக்கும் 700-க்கும் அதிகமான தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. மண்ணிலும், சுவரிலும், காய்ந்த குச்சியிலும் முட்டை வைப்பவை.

கத்தரிப் பூவுக்கு இந்த நீலக்கோடு தேனீயும் கருவண்டும் முக்கியம். கத்தரியின் மகரந்தப்பை, மூடியில் ஓட்டை போட்ட பவுடர் டப்பா மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். இவை பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்துக் குலுக்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆவாரம்பூவுக்கும் இதே கதைதான்.

வீட்டுக்கார ஆச்சி கறிவேப்பிலைக் கொழுந்தைக் காட்டினார். பறவை எச்சம் மாதிரி புழு ஒட்டியிருந்தது. “மருந்து அடிக்கலையா ஆச்சி?” என்று வேண்டுமென்றே கேட்டேன். “பாதி அதுக்கு, பாதி கொழம்புக்கு. பொறவு பட்டுப்பூச்சியா பறக்கும்லா!” என்றார். கறிவேப்பிலை அழகி என்று அதற்கு அழகான பெயரே இருக்கிறது. ஆச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர் வீட்டுப் பந்தலில் காய்க்குக் குறைவில்லை.

உங்கள் வீட்டில் என்ன வைக்கலாம்?

நம் மண்ணுக்குப் பழகிய செடிகளே போதும். நர்சரியில் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் அதிகம் இல்லை.

வேலிக்கு: நொச்சி, ஆடாதோடை, ஆவாரை. முதல் இரண்டும் குச்சி நட்டாலே பிழைக்கும். ஆடாதோடையையும் ஆவாரையையும் ஆடு சீண்டாது. பொங்கல் காப்புக்கு ஆவாரம்பூவைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம்.

முற்றத்துக்கு: துளசி, இட்லிப்பூ, ஒற்றை இதழ் செம்பருத்தி, ஒற்றை நந்தியாவட்டை. அடுக்குப்பூ கண்ணுக்கு அழகு. ஆனால் பலவற்றில் தேனும் மகரந்தமும் குறைவு, இருப்பதையும் பூச்சியால் எட்ட முடியாது. நந்தியாவட்டை இரவில் வரும் அந்துப்பூச்சிக்கு. புடலையும் சுரையும் மாலைக்கு மேல்தான் பூக்கும் என்பதால், இரவு விருந்தாளியும் நமக்கு வேண்டும்.

மரத்துக்கு இடம் இருந்தால்: முருங்கை, புங்கம், வேம்பு. பங்குனி, சித்திரை வெயிலில் மற்ற செடிகள் காய்ந்து கிடக்கும்போது புங்கமும் வேம்பும்தான் தேனீக்குச் சோறு போடும்.

புழுவுக்கு: கறிவேப்பிலை, எலுமிச்சை. வேலிக்கு வெளியே ஒரு எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம்.

மாடியில் மட்டும்தான் இடமா? சாக்குப் பையில் துளசி, திருநீற்றுப்பச்சிலை, கொத்தமல்லி. ஒரு பையை அறுக்காமல் பூக்க விடுங்கள்.

மழைக்குத் தானாக முளைக்கும் தும்பையை முழுவதும் பிடுங்காமல் ஓர் ஓரத்தில் விடுங்கள். சிமென்ட் போடாத வெறும் மண் ஒரு பாயளவு இருக்கட்டும். அகலமான தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கிவிடும். பூவில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.

உண்ணிச்செடிக்கு வண்ணத்துப்பூச்சி வரும் என்று அதை மட்டும் நட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்தச் செடியின் பழத்தைப் பறவைகள் கொண்டுபோய்க் காடெல்லாம் பரப்பிவிடும். நம்முடையது மலையடிவார ஊர்.

குச்சி நடுவதற்குப் புரட்டாசி, ஐப்பசி மழை சரியான பட்டம். தண்ணீர் ஊற்ற முடிந்தால் இப்போதும் தொடங்கலாம்.

வழக்கமாக வரும் மூன்று கேள்விகள்

‘தேனீ கொட்டாதா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே?’

பூவில் மேயும் தேனீ, கையால் பிடித்தால் ஒழியக் கொட்டாது. கூட்டைச் சீண்டினால்தான் ஆபத்து. கொசுத்தேனீக்குக் கொடுக்கே பயன்படாது. கரண்ட் மீட்டர் பெட்டியிலும் சுவர்ப் பொந்திலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். மலைத்தேனீ பெரிய அடை கட்டிவிட்டால் கல் எறிவதோ தீ வைப்பதோ கூடாது. தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள்.

‘தேனீப் பெட்டி வாங்கி வைத்தால் போதாதா?’

பூ இல்லாத இடத்தில் பெட்டி வைப்பது, தீவனம் இல்லாமல் மாடு வாங்குவது போல. முதலில் வருடம் முழுவதும் பூவுக்கு வழி செய்யுங்கள், பிறகு பெட்டி. நான் கல்லூரி முடித்த சமயம், 1990-களின் தொடக்கத்தில், ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெட்டித் தேனீக்களைப் பெருவாரியாக அழித்தது. ஒரே இனத்தை மட்டும் நம்பாமல் பல வகைப் பூச்சிகளும் வரும்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

‘இரண்டு சென்ட் வீட்டில் நான் நாலு செடி வைத்து என்ன ஆகிவிடும்?’

கொசுத்தேனீக்கு உங்கள் தெருவே ஒரு நாடு. தெருவுக்கு நாலு வீடு சேர்ந்தால் அந்த நாட்டில் பஞ்சம் இருக்காது.

மாசியில் ராஜபாளையம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. நொச்சிக் குச்சி துளிர்த்துவிட்டதாம். இரண்டு துளசியைக் கதிர் விட்டிருக்கிறாராம், தொட்டியில் கொத்தமல்லி பூத்திருக்கிறதாம். தினமும் நாலு ஆண்பூவைக் கொடியிலேயே விட்டும் வைத்தாராம். இந்தக் கொஞ்ச நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“கொடியில நாலு காய் நிக்குது சார். மூணு நான் தொட்டு வச்சது. ஒண்ணு யாரு தொட்டதுன்னு தெரியல!”